ரவுண்டானாவில் நாற்பது நிமிடம்

ஜனவரி. விடிகாலை நான்கு மணி.
வீட்டுச் செருப்போடு
பனி கொட்டும் ரவுண்டானாவின் விளிம்பில்
நின்றிருந்தார் எய்வின்ட்.
ஒரு வண்டியும் இல்லை.
இடப்பக்கமிருந்து வருபவருக்கு
வழி விட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாராம்
போலீஸ்காரப் பெண்ணிடம்.
நாற்பது நிமிடமாக.

அவர் சட்டைப்பையில் இருந்தது என் எண்.
மகனுடையது அல்ல.
மகனும் நானும் பிரிந்து ஆறு வருடம்.
விவாகரத்துப் பத்திரத்தில்
சோபா யாருக்கு, படகில் பாதி யாருக்கு
எல்லாம் எழுதியிருக்கிறது.
மாமனார் யாருக்கு என்று
எவரும் கேட்கவில்லை.

ட்ரோன்ட்ஹெய்மில் முப்பத்தோரு வருடம்
லைசென்ஸ் தேர்வு நடத்தியவர்.
மடியில் அட்டை, கையில் பென்சில்,
முகத்தில் ஒன்றுமில்லை.
என்னையே இரண்டு முறை தோற்கடித்தார்,
அவர் மருமகளாவதற்கு முன்பு.
முதல் முறை கண்ணாடி பார்க்கவில்லை.
இரண்டாம் முறை
அதிகமாகப் பார்த்தேனாம்.

இல்லத்தைப் பற்றிப் பேச
மூன்று ஞாயிறு தேவைப்பட்டது எனக்கு.
முதல் ஞாயிறு மீன் சூப்போடு போயிற்று.
இரண்டாவதில், தீய்ந்த பாத்திரத்தைத்
தேய்த்துக்கொண்டே ஆரம்பித்தேன்;
எழுந்து போய் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.
மூன்றாவதில்,
போய்ப் பார்ப்போம், மதிப்பெண் நீங்கள் போடுங்கள் என்றேன்.
அட்டையைத் தேடி எடுத்து வந்தார்.
தந்திரம்தான். ஒப்புக்கொள்கிறேன்.

திருப்பத்தில் இரண்டு சக்கர நாற்காலிகள்,
யாருக்கு முன்னுரிமை என்று தெளிவில்லை: கழித்தல்.
படி விளிம்பில் மஞ்சள் கோடு: கூட்டல்.
ஆறிப்போன காபி: பெரிய கழித்தல்.
யோர்டானோஸ் என்ற பணிப்பெண்
குனிந்து, அவர் கண்மட்டத்துக்கு வந்து
கை கொடுத்தாள்.
பென்சில் கொஞ்ச நேரம் நின்றது.
எதுவும் எழுதவில்லை.

திரும்பும் வழியில்
ஆற்றுப் பாலம் தாண்டியதும் கேட்டார்:
"இதில் தோற்க வேண்டியது
நானா, அவர்களா?"
சிக்னல் பச்சையாயிற்று. பின்னால் ஹாரன்.
பதில் சொல்லாமல் கிளம்பினேன்,
கண்ணாடியும் பார்க்காமல்.
அவர் கவனித்தார்.

புது அறையின் அளவுக்கு
பழைய வீட்டுக் கூடத்தில் நாடா ஒட்டினேன்.
ஒரு வாரம் அதற்குள் இருந்து பார்ப்பதாக ஏற்பாடு.
சாய்வு நாற்காலியை
நான்கே அசைவில் பார்க் செய்தார்.
கட்டில், விளக்கு, வானொலி.
சுன்னிவா தைத்த மேசை மட்டும்
கோட்டுக்கு வெளியே நின்றது.
மூன்றாம் நாள் போனேன்.
ஒரு மூலையில் நாடாவைப் பெயர்த்து
மேசை அளவுக்கு எல்லையைத்
தள்ளி ஒட்டியிருந்தார்.
சுவர் அப்படி நகராது என்று
எப்படிச் சொல்ல?
கட்டிலைச் சின்னதாக வாங்கினோம்.

மார்ச்சில் குடிபோனார். அறை எண் பதினான்கு.
பெர்கனிலிருந்து மகன் ஒரு பூச்செடி அனுப்பினான்.
இரவுதோறும் ஒன்பதுக்கு எனக்குப் போன்:
தலையணை உயரம். பக்கத்து அறை இருமல்.
வேகாத உருளைக்கிழங்கு.
வீட்டுக்குக் கூட்டிப்போ என்று மட்டும்
ஒருநாளும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் கூட்டி வந்திருப்பேன்.
அது தெரிந்துதான் சொல்லவில்லையோ என்னவோ.

பிறகு ஒரு வியாழன், ஒன்பதரை ஆயிற்று.
நானே கூப்பிட்டேன்.
"என்ன, ஏதாவது அவசரமா?"
பின்னால் சீட்டுக்கட்டு கலைக்கும் சத்தம்.
போனை வைத்துவிட்டு
கழுவிய தட்டுகளையே மறுபடி கழுவினேன்.

காரை ஒரு பையன் வாங்கிப் போனான்.
இரண்டாவது சாவி தொலைந்துவிட்டது என்று
அவனிடம் பொய் சொன்னது நான்.
ஐநூறு குரோனர் குறைத்துக்கொண்டேன்.
பதினான்காம் அறையில்
கோட்டு மாட்டும் கொக்கியில் தொங்குகிறது அது.
நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

நேற்று, சாப்பாட்டுக் கூடத்து வாசலில்
வாக்கரைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.
சூப்பு ஆறுகிறதே என்று
தோளைத் தொடப் போன கையை
இழுத்துக்கொண்டேன்.
இடப்பக்கமிருந்து
நீலக் கம்பளிச் சட்டைக்காரி ஒருத்தி,
அவள் பின்னால் தடியூன்றி ஒருவர்,
அப்புறம் தட்டு வண்டி.

இந்த முறை
ஆட்கள் வந்தார்கள்.